ஹெரால்டின் பின் சக்கரம்

(ஒலிப்பதிவிலிருந்து எழுதி எடுத்தது. திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் குறைத்திருக்கிறோம். பேச்சு நடையில் கை வைக்கவில்லை.)

பழைய கார்களைப் பத்திப் பேச ஆரம்பிச்சதிலிருந்து திரும்பத் திரும்ப வர்ற கேள்வி ஒண்ணு இருக்கு. "வண்டியை லோயர் பண்ணினா ஹேண்ட்லிங் நல்லா ஆகுமா, கெட்டுப் போகுமா? ஆமா, இல்லைன்னு சொல்லுங்க போதும்."

சொல்ல முடியாது. ஒரு காரில் நல்லா ஆகும். இன்னொரு காரில் அதே வேலை வண்டியைக் கெடுக்கும். நழுவறதுக்காகச் சொல்லலை. இரண்டு காரிலும் கீழே இருக்கிற இரும்பு எந்த இடத்தில் மடங்குது, எந்தப் பக்கம் சாயுது என்பது வேற வேற. அதைத்தான் சஸ்பென்ஷன் ஜியோமெட்ரின்னு சொல்றோம். பேர் பெருசா இருக்கு. விஷயம் என்னன்னா, சக்கரம் மேலே ஏறும்போதும் கீழே இறங்கும்போதும் எந்தப் பக்கம் பார்க்குது, எவ்வளவு சாயுது. அவ்வளவுதான்.

இதைப் புரியவைக்க எனக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்கலை, அதுவும் சென்னையில் செஞ்ச ஒரு கார்: ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். உங்க தாத்தா தலைமுறையில் யாராவது வச்சிருந்திருப்பாங்க. பானெட்டை மட்டும் திறக்கிறது இல்லை, மட்கார்டோட சேர்த்து முன்பக்கம் முழுசையும் முன்னாடி கவிழ்த்துத் திறப்பாங்களே, அந்தக் கார்.

மூலம் இங்கிலாந்து. கோவென்ட்ரியில் இருந்த ஸ்டாண்டர்ட்-டிரயம்ஃப் 1959-ல் டிரயம்ஃப் ஹெரால்டைக் கொண்டுவந்தது. வடிவம் இத்தாலியர் ஜோவன்னி மிக்கெலோட்டி கொடுத்தது. 948 சிசி எஞ்சின். 1961-லிருந்து நம்ம வண்டலூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா அதை ஸ்டாண்டர்ட் ஹெரால்ட்ங்கிற பேரில் செய்ய ஆரம்பிச்சது. மூலத்தில் இரண்டு கதவு. பின் சீட்டுக்காரங்க முன் சீட்டை மடக்கித்தான் உள்ளே போகணும். பிறகு இங்கே மட்டும் நாலு கதவு வச்ச ஹெரால்ட் ஒண்ணு வந்தது. இங்கிலாந்துக்காரங்களுக்கே அது கிடைக்கலை.

அந்தக் காலத்தில் இந்தியாவில் மத்தவங்க வச்சிருந்தது அம்பாஸடர், இல்லைன்னா ஃபியட். இரண்டிலும் பின்னாடி லைவ் ஆக்ஸில். ஒரு சக்கரத்திலிருந்து இன்னொரு சக்கரம் வரைக்கும் ஒரே குழாய், நடுவில் டிஃபரன்ஷியல் உருண்டை. இடது சக்கரம் குழியில் இறங்கினா அந்த ஆட்டம் வலது சக்கரத்துக்கும் போகும். ஹெரால்டில் அப்படி இல்லை. நாலு சக்கரமும் தனித்தனி. ஒரு சாதாரணக் குடும்பக் காரில் அது பெரிய விஷயம். 25 அடி விட்டத்துக்குள்ளே வண்டியைத் திருப்பிடலாம் என்பது இன்னொரு பெருமை. மயிலாப்பூர் சந்தில் அதுக்கு என்ன மதிப்புன்னு தனியா சொல்ல வேண்டியதில்லை.

முன்பக்கம் உண்மையிலேயே அருமையான அமைப்பு. டபுள் விஷ்போன், காயில் ஸ்பிரிங், ராக் அண்ட் பினியன் ஸ்டியரிங். சிக்கல் பின்னாடிதான்.

பின் சக்கரத்தைத் தனித்தனியா விடணும், ஆனா செலவு ஏறக் கூடாது. அதுக்கு அவங்க எடுத்த வழி ஸ்விங் ஆக்ஸில். டிஃபரன்ஷியலை சேஸிஸில் அசையாம மாட்டிட்டாங்க. அதோட இரண்டு பக்கமும் ஒரு யூனிவர்சல் ஜாயின்ட், அதிலிருந்து ஒரு ஷாஃப்ட், ஷாஃப்ட் முனையில் சக்கரம். சக்கரத்துப் பக்கம் இன்னொரு ஜாயின்ட் கிடையாது. மேலே குறுக்கா ஒரு லீஃப் ஸ்பிரிங், லாரியில் பார்ப்பீங்களே அடுக்கடுக்கான பட்டை, அதை நீளவாக்கில் வைக்காம அகலவாக்கில் டிஃபரன்ஷியல் தலை மேலே வச்சு, இரண்டு முனையிலும் இரண்டு சக்கரத்தைத் தொங்கவிட்ட மாதிரி.

இப்போ ஒரு சின்ன வேலை செய்யுங்க. வண்டி ஓட்டிக்கிட்டுக் கேட்கிறவங்க வேண்டாம். இரண்டு கையையும் இறக்கை மாதிரி பக்கவாட்டில் நீட்டுங்க. உள்ளங்கையை மணிக்கட்டிலிருந்து நேரா மேலே நிமிர்த்துங்க, இரண்டு பக்கமும் வர்ற பஸ்ஸை ஒரே சமயத்தில் நிறுத்தற போலீஸ்காரர் மாதிரி. உள்ளங்கைதான் டயர். கை ஷாஃப்ட். தோள் அந்த ஜாயின்ட். மணிக்கட்டு அசையக் கூடாது, அங்கே ஜாயின்ட் இல்லைன்னு சொன்னேன்ல. இப்போ கையை மெதுவா கீழே இறக்குங்க. உள்ளங்கையின் மேல்பக்கம் வெளியே சாயுதா? கீழ்பக்கம் உங்க உடம்பை நோக்கி உள்ளே வருதா? கையை மேலே தூக்கினா அதுக்கு நேர் எதிர்.

இந்தச் சாய்வுக்குப் பேர் கேம்பர். மேல்பக்கம் வெளியே சாய்ஞ்சா பாசிட்டிவ், உள்ளே சாய்ஞ்சா நெகட்டிவ். ஹெரால்டில் அந்த ஷாஃப்டின் நீளம், ஜாயின்ட்டிலிருந்து டயரின் நடு வரைக்கும், சுமாரா அரை மீட்டர். அப்போ சக்கரம் ஒரு அங்குலம் இறங்கினா கேம்பர் கிட்டத்தட்ட 3 டிகிரி மாறும். இரண்டு அங்குலத்துக்கு 6. இன்னிக்கு நீங்க ஓட்டற காரை வீல் அலைன்மென்ட்டுக்கு விட்டா ஒரு டிகிரி தள்ளி இருந்தாலே திரையில் சிவப்பா காட்டும். இதில் சாதாரண மேடு பள்ளத்திலேயே அதைவிடப் பல மடங்கு ஆடுது.

நேரா போகும்போது இது பெரிய ஆபத்து இல்லை. வளைவில்தான் கதை.

இடது பக்கம் திரும்பறீங்கன்னு வச்சுக்குங்க. எடை வலது பின் சக்கரத்து மேலே விழுது. அந்த டயர் தரையைப் பிடிச்சுக்கிட்டு வண்டியை உள்பக்கமா தள்ளுது. தள்ளற இடம் தரை மட்டம். ஆனா ஷாஃப்ட் வண்டியோட சேர்ற ஜாயின்ட் தரையிலிருந்து ஓர் அடிக்குக் கொஞ்சம் குறைவான உயரத்தில் இருக்கு. ஆக அந்த விசை கீழே இருந்து மேல்நோக்கிச் சாய்வா போகுது. கோலூன்றித் தாண்டறவரைப் பார்த்திருப்பீங்க. கோலின் அடி தரையில் ஊணி நிக்குது, ஓடி வந்த வேகம் ஆளை மேலே தூக்குது. இங்கே ஷாஃப்ட்தான் கோல், வெளிப்பக்க டயர் கோலின் அடி, வண்டியின் பின்பக்கம்தான் தாண்டற ஆள்.

ஒரு தோராயக் கணக்கு. அளவுகளை முழு எண்ணா எடுத்துக்கறேன். ஜாயின்ட் உயரம் 28 சென்டிமீட்டர், ஷாஃப்ட் 48 சென்டிமீட்டர். வெளிச் சக்கரத்தில் 150 கிலோ பக்கவிசை வந்தா, அதில் 80 கிலோவுக்கு மேல் வண்டியைத் தூக்கற விசையா மாறும். உள்பக்கச் சக்கரம் இதுக்கு எதிரா வண்டியைக் கீழே இழுக்கும், ஆனா அதில் எடை குறைவு, பிடியும் குறைவு. அதனால வெளிச் சக்கரம் ஜெயிக்கும். இந்த வரியை மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க, பின்னாடி தேவைப்படும்.

இதுக்கு இங்கிலீஷில் ஜாக்கிங்னு பேர். பஞ்சர் ஆனா போடற ஜாக்கியேதான். வண்டி எழும்புது. எழும்பினா என்ன ஆகும்? சக்கரம் வண்டியைப் பொறுத்து கீழே இறங்கின மாதிரி. கை இறங்குச்சுன்னா உள்ளங்கை உள்ளே மடங்குது. டயர் தன் வெளி விளிம்பில் நிக்குது, பிடி போகுது. மடங்கினதால வண்டி இன்னும் எழும்புது, எழும்பினதால இன்னும் மடங்குது. ஒண்ணை ஒண்ணு வளர்த்துவிடற ஆட்டம். இதை டக்-அண்டர்னு சொல்றாங்க. பின்பக்கம் திடீர்னு வெளியே வீசும். மோசமான இடமா இருந்தா வண்டி கவிழவும் செய்யும்.

எப்போ இது நடக்கும்னு பார்த்தா இன்னும் மோசம். வளைவுக்குள்ளே கொஞ்சம் வேகமா வந்துட்டோம்னு பயந்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கிறோம். எல்லாரும் செய்வோம், யோசிக்காமலேயே செய்வோம். காலை எடுத்த உடனே எடை முன்னாடி போகுது, பின்பக்கம் லேசாகி எழும்புது, சக்கரம் மடங்க ஆரம்பிக்குது. பயந்த ஆளுக்கு இயல்பா வர்ற செயலையே தண்டிக்கிற வண்டி. அதனாலதான் பழைய ஹெரால்ட் ஓட்டினவங்க "வளைவுக்கு முன்னாடியே வேகத்தைக் குறைச்சிடு, உள்ளே போனப்புறம் கால் எடுக்காதே"ன்னு சொல்வாங்க. அது சும்மா பெரியவங்க புத்திமதி இல்லை. அந்தப் பின் சக்கரத்திலிருந்து வந்த பாடம்.

நம்ம ஊரில் ஹெரால்ட் கவிழ்ற கார்னு பேர் வாங்கலையேன்னு கேட்கலாம். என் யூகம் இது: இங்கே அது ஆளில்லாம ஓடினதே கிடையாது. முன்னாடி இரண்டு பேர், பின்னாடி மூணு பேர், மடியில் ஒரு குழந்தை, டிக்கியில் அரிசி மூட்டை. எடை ஏற ஏறப் பின்பக்கம் அமுங்கும். கை மேலே தூக்கின நிலை, நெகட்டிவ் கேம்பர். மடங்கறதுக்கு முன்னாடி நிறைய தூரம் போகணும். வேகமும் குறைவு. தனி ஆளா, காலி வண்டியா, வேகமா ஓட்டும்போதுதான் இது பல்லைக் காட்டும்.

இந்தச் சிக்கல் டிரயம்ஃபுக்கு மட்டும் சொந்தம் இல்லை. வோக்ஸ்வேகன் பீட்டிலில் இருந்தது. கதவு மேல்நோக்கி இறக்கை மாதிரி திறக்குமே, அந்த மெர்சிடிஸ் 300 எஸ்எல், உலகமே கொண்டாடற கார், அதிலும் ஸ்விங் ஆக்ஸில்தான். 1957-ல் அதோட ரோட்ஸ்டர் வந்தப்போ மடங்கற இடத்தைக் கீழே இறக்கி ஜியோமெட்ரியையே மாத்தினாங்க. அமெரிக்காவில் செவர்லே கோர்வேர் 1960-ல் இதே அமைப்போட வந்தது. அதுக்கு நிறுவனம் கொடுத்த மருந்து டயர் காத்து: முன்னாடி 15, பின்னாடி 26 பிஎஸ்ஐ. முன் டயரைத் தளர்த்தி வச்சா முன்பக்கம் முதல்ல வழுக்கும், பின்பக்கம் தப்பிக்கும்னு கணக்கு. பெட்ரோல் பங்கில் காத்து அடிக்கிறவருக்கு இது தெரியுமா? நாலுலயும் ஒரே அளவு அடிச்சுவிட்டா மருந்து போச்சு. 1964 மாடலில் குறுக்கா ஒரு லீஃப் ஸ்பிரிங்கும் முன்னாடி ஆன்ட்டி ரோல் பாரும் சேர்த்தாங்க, அடுத்த வருஷ மாடலில் பின்பக்கத்தையே புதுசா வரைஞ்சாங்க. அந்த 1965 கடைசியில்தான் ரால்ஃப் நேடரின் புத்தகம் வந்து, முதல் அத்தியாயமே கோர்வேரைப் பத்தி இருந்தது. பிறகு 1972-ல் அமெரிக்க அரசு அமைப்பு ஒண்ணு சோதனை பண்ணி, அது அந்தக் காலத்து மத்த கார்களைவிடத் தனியா மோசம் இல்லைன்னு சொன்னதையும் சேர்த்துச் சொல்லணும். எனக்கு இரண்டும் முரணாத் தெரியலை. அந்தக் காலத்தில் பல கார் அப்படித்தான் இருந்தது.

சரி, ஹெரால்டுக்குத் திரும்புவோம். இதை எப்படிச் சரி பண்றது?

முதல் வழி, நீங்க கேட்ட அதே லோயரிங். லீஃப் ஸ்பிரிங்குக்கும் டிஃபரன்ஷியலுக்கும் நடுவில் ஒரு இரும்புக் கட்டை வைப்பாங்க. ஸ்பிரிங் மேலே போனா அதோட முனையில் இருக்கிற சக்கரமும் வண்டியைப் பொறுத்து மேலே போகும், வண்டி கீழே உட்காரும். இல்லைன்னா ஸ்பிரிங்கின் வளைவையே குறைச்சுத் தட்டையாக்குவாங்க. முக்கால் அங்குலம் இறக்கினா சுமார் 2 டிகிரி நெகட்டிவ் கேம்பர் கிடைக்கும். கை ஏற்கனவே கொஞ்சம் தூக்கின நிலையில் இருக்கு. ஜாயின்ட் உயரமும் குறையுது, தூக்கற விசையும் குறையுது. ஆக இந்தக் காரில் பின்பக்கத்தை அளவா இறக்கறது அழகுக்கு இல்லை, மருந்து.

மருந்துக்குப் பக்கவிளைவு உண்டு. டயரின் உள்விளிம்பு சீக்கிரம் தேயும். ஸ்பீடு பிரேக்கரில் அடி வாங்கும். ஐந்து பேர் ஏறினா சக்கரம் இரண்டும் கூரை மாதிரி சாய்ஞ்சு நிக்கும். ரோட்டில் எப்பவாவது பழைய ஹெரால்ட் பின் சக்கரம் அப்படிச் சாய்ஞ்சு நிக்கறதைப் பார்த்தா, யாரோ டியூன் பண்ணியிருக்காங்கன்னு நினைச்சுடாதீங்க. பெரும்பாலும் ஸ்பிரிங் தொய்ஞ்சு போச்சுன்னுதான் அர்த்தம்.

இரண்டாவது வழி கேம்பர் காம்பன்சேட்டர். அடியில் குறுக்கா இன்னொரு பட்டை, நடுவில் ஆடற மாதிரி மாட்டி, முனைகள் இரண்டு சக்கரத்தையும் கீழிருந்து தாங்கும். இரண்டு சக்கரமும் ஒண்ணா இறங்கப் பார்த்தா தடுக்கும். ஒண்ணு ஏறி ஒண்ணு இறங்கினா தராசு மாதிரி சும்மா சாய்ஞ்சு கொடுக்கும். போர்ஷே 356-ல் சூப்பர் 90-க்கு இது வந்தது. பீட்டிலுக்கு வெளிக்கடையில் வாங்கி மாட்டலாம்.

மூணாவது வழிதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. ஹெரால்டின் சேஸிஸ் மேலேயே டிரயம்ஃப் ஸ்பிட்ஃபயர்னு ஒரு ஸ்போர்ட்ஸ் கார் இருந்தது. தனி ஆள், காலி வண்டி, வேகம். மேலே சொன்ன மூணும் சேர்ந்த கார். 1970 கடைசியில் வந்த ஸ்பிட்ஃபயர் மார்க் 4-ல் ஸ்விங் ஸ்பிரிங்னு ஒண்ணு போட்டாங்க. பழசில் அத்தனை பட்டையையும் சேர்த்து டிஃபரன்ஷியல் மேலே இறுக்கி முடுக்கியிருந்தாங்க. புதுசில் ஒரு பட்டையை மட்டும் இறுக்கி, மத்ததை எல்லாம் ஒரு பெட்டிக்குள்ளே விட்டு, நடுவில் ஆடற மாதிரி செஞ்சாங்க. அவ்வளவுதான் மாற்றம்.

என்ன ஆகுது பாருங்க. இரண்டு சக்கரமும் ஒண்ணா மேலே வந்தா, அதாவது மேட்டில் ஏறினா, எல்லாப் பட்டையும் சேர்ந்து எடை தாங்கும். வண்டி வளைவில் சாயும்போது, ஒரு சக்கரம் ஏறி இன்னொண்ணு இறங்கும்போது, அடுக்கு அப்படியே சாய்ஞ்சு கொடுக்கும். இறுக்கின ஒத்தைப் பட்டை மட்டும்தான் எதிர்க்கும். பின்பக்கம் சாய்வை எதிர்க்கலைன்னா, வளைவில் எடை முழுக்க வெளிச் சக்கரத்துக்குப் போகாது, உள்சக்கரத்திலும் தங்கும். முன்னாடி ஞாபகம் வச்சுக்கச் சொன்ன வரி இப்போ வருது. உள்சக்கரத்தில் எடை இருந்தா அது வண்டியைக் கீழே இழுக்கும். தூக்கறதும் இழுக்கறதும் கிட்டத்தட்டச் சமமாகுது. ஜாக்கிங் அடங்குது. அமெரிக்காவில் பீட்டில் உதிரிகளை வச்சு ஓட்டற ஃபார்முலா வீ பந்தயக் கார்களில் இதே தத்துவத்தைக் கடைசி வரைக்கும் கொண்டுபோய், பின்பக்கம் சாய்வை எதிர்க்கவே எதிர்க்காத மாதிரி செய்றாங்க.

பின்பக்கம் எதிர்க்காத வேலையை யாராவது செய்யணுமே? முன்பக்கம் தடிமனான ஆன்ட்டி ரோல் பார் போட்டாங்க. அதனால ஹெரால்டில் ஸ்விங் ஸ்பிரிங் மாட்டறவங்க முன்னாடி தடிமனான பாரையும் சேர்த்தே மாட்டணும். பாதி வேலையோட நிறுத்தினா வண்டி படகு மாதிரி ஆடும்.

இந்தியாவில் வேற மாதிரி முடிவெடுத்தாங்க. 1972-ல் ஹெரால்டுக்குப் பதிலா ஸ்டாண்டர்ட் கெஸல் வந்தது. 948 சிசி எஞ்சின் அப்படியே. பின்னாடி ஸ்விங் ஆக்ஸிலைத் தூக்கிட்டு, அம்பாஸடர் மாதிரி லைவ் ஆக்ஸில். சாலையிலிருந்து வர்ற கேம்பர் பிரச்சினையும் போச்சு, தனித்தனி சக்கரத்தோட சுகமும் போச்சு. பின்னோக்கிப் போன மாதிரி இருக்கும். ஆனா 1972-ல் திண்டிவனத்தில் வண்டி நின்னுபோனா எந்த மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கிட்டுப் பிரிக்கக்கூடிய அமைப்பு அதுதான். எனக்கு அதில் குறை சொல்லத் தோணலை. சுவாரசியம் குறைவு, அவ்வளவுதான்.

இப்போ முதல் கேள்விக்கு வரேன். ஹெரால்டில் இறக்கறது மருந்துன்னு கேட்டுட்டு உங்க மாருதி 800-ஐ இறக்கப் போயிடாதீங்க. அதில் முன்னாடி மெக்ஃபர்சன் ஸ்ட்ரட். மேலே ஒரு தூண், கீழே ஒரு கை. அந்தக் கீழ்க் கையின் வெளிமுனை உள்முனையைவிடத் தாழ்வா, இல்லைன்னா சமமா இருக்கணும். அப்போதான் சக்கரம் மேலே வரும்போது நெகட்டிவ் பக்கமாச் சாயும். காயிலை வெட்டி இரண்டு அங்குலம் இறக்கினா கீழ்க் கை எதிர்ப்பக்கமா, வெளிமுனை மேலே தூக்கின மாதிரி நிக்கும். இதுக்கு மேல சக்கரம் ஏறினா கேம்பர் பாசிட்டிவ் பக்கமா போகும். இன்னொண்ணு: வண்டி எந்தப் புள்ளியைச் சுத்திச் சாயுதோ அதுக்கு ரோல் சென்டர்னு பேர். வண்டியின் எடை மையம் இரண்டு அங்குலம் இறங்கினா, ரோல் சென்டர் அதைவிட வேகமா இறங்கித் தரைக்குள்ளேயே போயிடலாம். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற தூரம்தான் வண்டியைச் சாய்க்கிற நெம்புகோல். அது நீளமாகுது. அதாவது தாழ்வா நிக்கிற வண்டி, அதே கெட்டித்தன்மை உள்ள ஸ்பிரிங்கில், முன்னைவிட அதிகமாச் சாய ஆசைப்படும். ஸ்டியரிங் ராடும் தன் சரியான கோணத்தை விட்டுப் போகும். பள்ளத்தில் இறங்கும்போது ஸ்டியரிங்கைத் தொடாமலேயே சக்கரம் தானாத் திரும்பும்.

அப்போ ஏன் இறக்கினவங்க எல்லாம் "வண்டி ரோட்டை ஒட்டிக்கிட்டுப் போகுது"ன்னு சொல்றாங்க? வெட்டின காயில் கெட்டியாகும். சுருள் குறைஞ்சா கெட்டித்தன்மை கூடும். கெட்டியா இருக்கிறதை நாம பிடின்னு நினைச்சுக்கறோம். நல்ல மழுங்கின ரோட்டில் அந்த ஏமாத்து ரொம்ப நாள் ஓடும். மழைக்காலத்தில் மேடுபள்ளமான ஒரு வளைவில் உண்மை தெரியும். ஜப்பானில் பழைய டொயோட்டா ஏஇ86-ஐ இறக்கறவங்க ஸ்ட்ரட்டுக்கும் கீழ்க் கைக்கும் நடுவில் ஒரு கட்டை வைப்பாங்க, ரோல் சென்டர் அட்ஜஸ்டர்னு பேர். வண்டி இறங்கினாலும் கையின் கோணம் பழையபடி வந்துடும். இறக்கறதுன்னா அந்த வேலையும் சேர்ந்ததுதான். கட்டர் எடுத்துக் காயிலை வெட்டறது பாதி வேலைகூட இல்லை.

ஹெரால்ட் வச்சிருக்கிறவங்களுக்கு இன்னும் கொஞ்சம். ஜியோமெட்ரியைத் தொடறதுக்கு முன்னாடி தேய்மானத்தைப் பாருங்க. பின்னாடி ரேடியஸ் ஆர்ம் புஷ் போயிருந்தா சக்கரம் முன்னும் பின்னும் ஆடும், அதுக்கு மேல என்ன டியூன் பண்ணினாலும் வீண். வண்டியை இறக்கினப்புறம் பின் சக்கரத்தோட டோ அளவையும் பார்க்கணும். அந்த ஆர்மோட முன்முனை பிராக்கெட்டில் ஷிம் சேர்த்தோ எடுத்தோ சரி பண்ணலாம். நிறைய அலைன்மென்ட் கடையில் "பின்னாடி ஒண்ணும் செய்ய முடியாது சார்"னு அனுப்பிடுவாங்க. இந்தக் காரில் முடியும், சொல்லிச் செய்ய வைங்க.

முன்னாடி கீழே வெண்கலத்தில் டிரன்னியன்னு ஒண்ணு இருக்கும். சக்கரத்தைத் தாங்கற தண்டு அதுக்குள்ளே மரைபோட்டு இறங்கித் திரும்பும். அதுக்குப் போட வேண்டியது 90 கிரேடு கியர் ஆயில். கிரீஸ் இல்லை. ஷெட்டில் பையன் கிரீஸ் கன்னை எடுத்துக்கிட்டு வருவான், அவனுக்கு நிப்பிளைப் பார்த்தா கிரீஸ்தான். தடுங்க. உள்ளே ஆயில் இல்லாம துருப்பிடிச்சு இறுகினா அந்தத் தண்டு ஒருநாள் முறியும், முன் சக்கரம் படுத்துடும். இன்னிக்கு நான் சொன்ன எல்லா மாற்றத்தையும்விட இந்த ஆயில் முக்கியம்.

டயர் பத்தி ஒரு வார்த்தை. பழைய டயரைவிடப் பிடி அதிகமான அகல ரேடியல் போட்டா எல்லாம் சரியாயிடும்னு தோணும். ஸ்விங் ஆக்ஸிலில் பிடி கூடினா கோலின் அடி இன்னும் உறுதியா ஊணும், தூக்கற விசையும் கூடும். அதனால ஸ்பிரிங் முதல்ல, டயர் அப்புறம். பின்னாடி தடிமனான ஆன்ட்டி ரோல் பார் போடறதும் இந்தக் காரில் நேர் எதிரான வேலை, ஏன்னு இப்போ உங்களுக்கே தெரியும்.

சட்டத்தையும் சொல்லிடறேன், கேட்காம இருக்க மாட்டீங்க. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவுப்படி, பதிவுச் சான்றிதழில் இருக்கிற விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து மாறற மாதிரி வண்டியை மாத்தக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதைக் கண்டிப்பாச் சொன்னது. எது அதுக்குள்ளே வரும், எது வராதுன்னு வேலையை ஆரம்பிக்கும் முன்னாடி ஆர்டிஓ ஆபீஸில் கேட்டுக்குங்க.

மாத்தினப்புறம் ஈசிஆரில் போய்ச் சோதிக்காதீங்க. காலி மைதானத்தில், தனி ஆளா, பெட்ரோல் டேங்க் குறைவா, 25 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வட்டம் போட்டு, நடுவில் காலை எடுங்க. கொஞ்சம் கொஞ்சமா வேகத்தைக் கூட்டுங்க. வெளியில ஒரு நண்பரை, தள்ளி, வட்டத்துக்கு உள்பக்கம் நிக்க வச்சு வெளிப்பக்கப் பின் சக்கரத்தை மட்டும் மொபைலில் எடுக்கச் சொல்லுங்க. வீட்டுக்கு வந்து மெதுவா ஓட்டிப் பாருங்க. சக்கரத்தின் மேல்பக்கம் வெளியே சாயத் தொடங்கற அந்த ஃபிரேம் எந்த வேகத்தில் வருதுன்னு குறிச்சு வச்சுக்குங்க. கட்டை வச்சதுக்கு முன்னாடி எடுத்த வீடியோவும் இருந்தா இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வச்சு எனக்கு அனுப்புங்க, அடுத்த எபிசோடில் பேசலாம்.